காற்றுக்கு விட்ட கை

உன் வீட்டுக்காரர் எங்கே என்று யாராவது கேட்டால் அவள் ஜன்னலைக் காட்டினால் போதும். இத்தனை பெரிய நகரத்தில், இத்தனை லட்சம் பெண்களில், இப்படி ஒரு வசதி வேறு எவளுக்கும் வாய்த்திருக்காது. இருபத்து மூன்றாம் மாடிச் சமையலறை ஜன்னல் அது. அதற்கு நேரே, கட்டடங்களுக்கெல்லாம் மேலே தலையை நீட்டிக்கொண்டு ஒரு மஞ்சள் கிரேன் நிற்கும். அதன் உச்சியில் ஒரு சின்னக் கண்ணாடி அறை. அதற்குள்தான் அவள் கணவன். காலை ஏழு மணிக்கு ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவான். மதியச் சாப்பாடும் அங்கேயேதான். அவள் கட்டிக் கொடுத்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஊரையே கீழே பார்த்தபடி சாப்பிடுவான்.

வந்து இறங்கிய அன்றைக்கு அவன் அதைக் காட்டியபோது அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

“அதுலயா? அவ்ளோ உசரத்துலயா? தலை சுத்தாதா உங்களுக்கு?”

“கீழ பார்த்தாத்தான் சுத்தும்.”

“அப்ப கீழ பார்க்காதீங்க.”

“என் வேலையே கீழ பார்க்கறதுதாம்மா” என்று சிரித்தான்.

வேலையிடத்தில் அவனுக்கு ‘மேலா’ என்று பெயர். சேர்ந்த புதிதில், கீழேயிருந்து வாக்கிடாக்கியில் என்ன சொன்னாலும் பதற்றத்தில் “மேலயா? மேலயா?” என்று தமிழிலேயே கேட்டிருக்கிறான். பத்து நாட்டு ஆட்கள் வேலை செய்கிற இடம். ஒருத்தருக்கும் அவன் சொந்தப் பெயர் வாயில் நுழையவில்லை, இது நுழைந்துவிட்டது. பெரிய இன்ஜினியர் முதல் காவலாளி வரைக்கும் அவன் மேலாதான்.

அவள் வந்ததிலிருந்து அவன் ஒரு வழக்கம் வைத்திருந்தான். அன்றைய கடைசிப் பாரத்தை இறக்கி முடித்ததும் கிரேனின் நீளக் கையை மெல்லத் திருப்பி, சரியாக இவர்கள் ஜன்னலைப் பார்க்க நிறுத்துவான். வேலை முடிந்தது, கிளம்பிவிட்டேன் என்று அர்த்தம். அவ்வளவு பெரிய இரும்பு, ஊரே அண்ணாந்து பார்க்கிற இரும்பு, தன் பக்கம் திரும்பி நிற்பதைப் பார்க்கும்போது அவளுக்குத் தினமும் மயிர்க்கூச்செறியும். ராணிக்குக்கூட இப்படி யாரும் சலாம் வைத்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்வாள். நினைத்துக்கொண்டே போய் அடுப்பைப் பற்றவைப்பாள். அதற்கப்புறம் ஜன்னல் பக்கம் வர அவளுக்கு நேரம் இருக்காது.

அந்த வீட்டில் சந்தோஷத்துக்குக் குறைவில்லை. குழாயைத் திருகினால் வெந்நீர் வந்தது. இருபத்து மூன்று மாடி ஏறி தண்ணீர் எப்படித்தான் மூச்சு வாங்காமல் வருகிறதோ என்று அவள் குழாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பொழுது சாயும்போது கூடத்து ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கும். எதிர்க் கட்டடத்தில் ஒரு குழந்தை கண்ணாடியில் மூக்கை நசுக்கிக்கொண்டு இவளுக்குக் கையாட்டும். எண்ணெய் கொஞ்சம் காய்ந்து புகைந்தால் மட்டும் கூரையில் ஒட்டியிருந்த வெள்ளை வட்டம், அந்தப் புகை அலாரம், ஊரைக் கூட்டும். அவள் ஸ்டூலில் ஏறித் துண்டால் விசிறி அதைச் சமாதானப்படுத்துவாள். சமைப்பதில் பாதி நேரம் அதற்கே போனது.

பிரச்சினை எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம்தான். வந்த இரண்டாம் வாரம், கதவு தானாகப் பூட்டிக்கொள்ளாமல் இருக்க இடுக்கில் ஒரு துண்டைச் செருகிவிட்டு, துணிச்சலாகப் பால் வாங்கப் போனாள். கடையில் பணம் வாங்க ஆள் கிடையாது, மெஷின்தான். பாலை வைத்தாள். அது ஏதோ சொன்னது. எடுத்தாள். சத்தமாகச் சொன்னது. மறுபடி வைத்ததும் தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிய, பின்னால் வரிசையில் நின்ற பத்துப் பேர் இவள் முதுகையே பார்த்தார்கள். பாலை அங்கேயே போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினால், ஒரே அச்சில் வார்த்த மாதிரி மூன்று கட்டடம். தப்பான ஒன்றில் நுழைந்து, தப்பான மாடியில் இறங்கி, யார் வீட்டுக் கதவையோ தட்டிவிட்டு அழுகையும் ஆத்திரமுமாக வீடு வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்றோடு சரி. அதற்கப்புறம் கணவன் இல்லாமல் அவள் வாசல் தாண்டவில்லை. ஊரில் தனியாக ஸ்கூட்டர் ஓட்டிப் போய் ஒரு துணிக்கடையின் கணக்கு வழக்கையே பார்த்தவள் அவள். ஒரு பால் பாக்கெட்டிடம் தோற்றுப்போனேனே என்கிற அவமானம் அவளுக்குள் ஆறவே இல்லை.

மூன்று மாத விசா. ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போக டிக்கெட் இருந்தது. இருப்பதென்றால் விசாவை நீட்டிக்கச் சொல்லி வியாழக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். போய்விட்டால் அவன் ஒப்பந்தம் முடிய இன்னும் நாலு வருஷம். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இருவரும் சேர்ந்து இருந்ததே, இந்த எண்பது நாளையும் சேர்த்து, நாலரை மாசம்தான்.

“உன் இஷ்டம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றான் அவன். ஒன்றும் சொல்ல மாட்டேன் என்பதை மட்டும் தினமும் மூன்று தடவை சொன்னான்.

“போயிடறேன்னுதான் தோணுது. இங்க நான் ஜன்னலோட ஜன்னலா நிக்கறேன். இது ஒரு பொழைப்பா?” என்று செவ்வாய்க்கிழமை ராத்திரி சொல்லிவிட்டாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். காலையில் டப்பாவை எடுத்துக்கொண்டு வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பிவிட்டான்.

புதன்கிழமை மதியம் காற்று கிளம்பியது. சும்மா வீசுகிற காற்று இல்லை. கட்டடத்தின் இடுக்கில் எல்லாம் நுழைந்து அது ஊளையிட்டது. குளியலறை வாளியில் இருந்த தண்ணீர் தானாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது. இத்தனை பெரிய கட்டடம் ஆடுகிறது என்பது புரிந்தபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பதறிப்போய் ஜன்னலுக்கு ஓடினாள்.

கிரேன் சுற்றிக்கொண்டிருந்தது.

வேலை செய்கிற சுற்றல் இல்லை அது. எண்பது நாளாகப் பார்த்த கண்ணுக்கு அது தெரியும். அவன் திருப்பினால் நிதானமாகத் திரும்பும், நிற்கும், இறக்கும். இப்போது கை ஒரு முழுச் சுற்று சுற்றியது. தயங்கியது. எதிர்ப்பக்கம் பாதி போய், யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் மறுபடி வேகமாகத் திரும்பியது. கையோடு சேர்ந்து கண்ணாடி அறையும் சுற்றியது. அந்த அறைக்குள் அவன். மாட்டிக்கொண்டுவிட்டான். காற்றில் ஏணியில் இறங்கக் கூடாது என்று அவனே ஒரு தடவை சொல்லியிருக்கிறான். இறங்கவும் முடியாமல், நிறுத்தவும் முடியாமல் அங்கே போராடிக்கொண்டிருக்கிறான்.

போன் போட்டாள். ஒரு பெண் குரல் அந்த ஊர் பாஷையில் மிக மரியாதையாக ஏதோ சொன்னது. “அவரைக் கூப்பிடுடி!” என்று இவள் தமிழில் கத்தினாள். எட்டுத் தடவை போட்டாள். எட்டுத் தடவையும் அதே மரியாதை.

போனை மேசையில் வீசிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பின்னால் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. போய் என்ன செய்யப் போகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் அவளிடம் பதில் கிடையாது. நல்ல வேளை, யாரும் கேட்கவில்லை.

வாசலுக்கு வந்ததும் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கிரேன் தெரிந்தது. அண்ணாந்து பார்த்தபடியே நடந்தாள். காற்று புடவையைப் பிடித்து இழுத்தது. அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு காற்றையும் இழுத்துக்கொண்டு போனாள். சாலைகள் மேலேயிருந்து பார்த்த மாதிரி இல்லவே இல்லை. அங்கிருந்து பார்த்தால் நூல் மாதிரி இருந்தவை இங்கே ஆறுகளாக ஓடின. எட்டு வரிசை வண்டிகள். பெரிய நாற்சந்திக்கு வந்து சேர்ந்தபோது கட்டடங்கள் கிரேனை மறைத்துவிட்டன.

ஆரஞ்சுச் சட்டை போட்டுத் தெருவைக் கூட்டிக்கொண்டிருந்த பெண்ணொருத்தி மட்டும் அருகில் இருந்தாள். என்ன கேட்பது, எந்தப் பாஷையில் கேட்பது? இவள் நேராக நின்று ஒரு கையை நீட்டி, உடம்போடு சேர்த்து ஒரு சுற்று சுற்றிக் காட்டினாள். பிறகு வானத்தைக் காட்டினாள். பிறகு தன் நெஞ்சைக் காட்டினாள். நடுத்தெருவில் பைத்தியம்போல் சுற்றுகிறோமே என்று வெட்கப்பட அவளுக்கு நேரமில்லை. கூட்டுகிறவள் ஒரு கணம் பார்த்தாள். துடைப்பத்தைத் தூக்கி, தரைக்கு அடியில் இறங்கும் படிகளைக் காட்டி, அந்தப் பக்கம் ஏறு என்று சாடை காட்டினாள்.

இறங்கினாள். மண்ணுக்கு அடியில் இன்னொரு ஊரே இருந்தது. கடைகள், விளக்குகள், எங்கோ இன்னும் ஆழத்தில் தடதடத்துப் போகிற ரயில், அந்த அதிர்வு உள்ளங்காலில் ஏறியது. ஆயிரம் பேர் ஒருத்தர்மேல் ஒருத்தர் இடிக்காமல் நடந்தார்கள். எண்பது நாளாக இதன் தலைமேலா உட்கார்ந்திருந்தேன் என்று அவளுக்கு ஒரு பக்கம் பிரமிப்பு, ஒரு பக்கம் பயம். ஏறி வெளியே வந்து ஒரு முடிதிருத்தும் கடை வாசலில் மறுபடி சுற்றிக் காட்டினாள். கடைக்காரர் கத்தரிக்கோலால் இடப்பக்கம் காட்ட, பாதி முகம் சவரம் செய்திருந்த வாடிக்கையாளர் நுரையோடு எழுந்து வந்து, இல்லை, முதலில் வலது, அப்புறம்தான் இடது என்று திருத்தினார். பாலத்தின் ஓரம் லாரியை நிறுத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவரிடம் அவள் சுற்றி முடிக்கக்கூட இல்லை. அவர் ரொட்டியோடு கையை நீட்டினார். பாலத்துக்கு அப்பால் அது நின்றது.

கிட்டத்தில் போய்ப் பார்த்தபோது அவள் அப்படியே நின்றுவிட்டாள். அதன் அடிக்காலே ஒரு வீடு அளவு இருந்தது. ஒவ்வொரு திருகும் அவள் முழங்கைத் தடிமன். அதற்கு மேல் இரும்புக் கம்பிகள் பின்னிப் பின்னிப் போய், போய், பார்க்கப் பார்க்கக் கழுத்து வலித்தது, இன்னும் உச்சி வரவில்லை. உள்ளே செங்குத்தாக ஒரு ஏணி. இதிலா தினமும் ஏறுகிறான்? சாப்பாட்டு டப்பாவைத் தோளில் மாட்டிக்கொண்டு? சாயங்காலம் வந்து கால் வலிக்கிறது என்று அவன் ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே! வானத்தில் அந்தப் பெரிய கை ஒரு முனகலோடு அவள் தலைக்கு மேல் கடந்து போனது.

கேட்டில் தடித்த மீசையோடு காவலாளி வந்து மறித்தார். அவள் உச்சியைக் காட்டி, “மேலா! மேலா!” என்று கத்தினாள்.

அவர் முகம் மலர்ந்தது. “மேலா!” என்றார். மேலே காட்டி இல்லை என்று கையை விரித்தார். இரண்டு விரலால் ஏணி இறங்கிக் காட்டினார். பிறகு உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்து, “ஹோம்” என்றார். அவள் நம்பவில்லை. மறுபடி மேலே காட்டினாள். அவர் பொறுமையாக நோட்டைப் புரட்டி, தன் போனில் நம்பர் போட்டு அவள் காதில் வைத்தார்.

“ஹலோ” என்றது அவன் குரல்.

அவள் போனைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“யாரு? ஹலோ?”

“எங்கங்க இருக்கீங்க?”

“நீ எங்கடி இருக்க? நான் வீட்ல நிக்கறேன், உன்னைக் காணோம், உன் போன் மேசைமேல கிடக்குது! என் போனு செத்துப்போச்சு, இப்பத்தான் சார்ஜ் போட்டேன். இது வாட்ச்மேன் நம்பரு... நீ அங்கயா இருக்க?”

“அது சுத்துதுங்க! நீங்க உள்ள இருக்கீங்கன்னு நெனச்சேன்...”

“ஒரு மணிக்கே எறங்கிட்டேம்மா. காத்து பலமாகறதுக்குள்ள எறங்கச் சொல்லிருவாங்க. கீழ தகரத்தையெல்லாம் கட்டிப்போட்டுட்டு வந்தேன், பஸ்ஸு வேற நகரல.”

“அப்ப அதை யாரு சுத்தறா?”

“காத்துதான். எறங்கும்போது பிரேக்கை எடுத்துவிட்டுட்டு வரணும். பிடிச்சு வெச்சா மொத்தமும் சாஞ்சிரும். காத்து எந்தப் பக்கம் போகுதோ அதுவும் அந்தப் பக்கம் போகும். தினமும் அப்படித்தான் விட்டுட்டு வருவேன்.”

“தினமுமா?” அவள் எழுந்து நின்றாள். “அப்ப நம்ம ஜன்னல் பக்கம் திருப்பி வெக்கறது?”

“அது... நான் ஏணில பாதி எறங்கற வரைக்கும் அப்படியே நிக்கும்.”

“ராத்திரி பூரா நம்மளைப் பார்த்துட்டு நிக்குதுன்னு நான் எண்பது நாளா...” அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இதை ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னங்க?”

“நீ அதைப் பார்த்து அவ்ளோ சந்தோஷப்பட்ட. எப்படிச் சொல்றது?” என்றான் அவன் சின்னக் குரலில். “சரி, அங்கயே நில்லு. நான் வந்து கூட்டிட்டு வர்றேன். இல்ல, மழை வந்துரும், பஸ்ஸு கிடைக்காது... இரு, வழி சொல்றேன். நேரா வந்தா நீலக் கலர் மொட்டை மாடி ஒண்ணு வரும். அதுக்கு அடுத்து வரிசையா ஆறு தண்ணி டேங்க்கு. அங்க திரும்பினா, மேல செடி வளர்த்து வெச்சிருக்கற கட்டடம்...”

அவள் காதிலிருந்து போனை எடுத்து அதை ஒரு தடவை உற்றுப் பார்த்தாள். “என்னங்க, நான் என்ன பறந்தா வரப்போறேன்? மொட்டை மாடி கீழ இருந்து எப்படித் தெரியும்?”

“எனக்கு அப்படித்தாம்மா தெரியும்” என்றான். “தெருவுல நான் எங்க நடந்தேன்? பஸ்ஸுல ஏறுவேன், எறங்குவேன். ஊரை மேல இருந்துதான் பார்த்திருக்கேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு நாளாயிற்று இப்படிச் சிரித்து! காவலாளியும் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தார். “நீங்க அங்கயே இருங்க. வந்த வழி எனக்குத் தெரியும்” என்று சொல்லிப் போனைக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

உண்மையில் வழி அவளுக்குத் தெரியாது. வரும்போது வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தவள். ஆனால் யார் யாரைக் கேட்டோம் என்பது தெரியும். பாலத்தருகே லாரிக்காரர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கி, ஒரு கையை நீட்டிச் சுற்றி, என்ன ஆயிற்று என்று கேட்டார். அவள் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினாள். அவர் ஈரக் கையோடு கைதட்டினார். முடிதிருத்துகிறவர் கண்ணாடி வழியாக இவளைப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலோடு வெளியே வந்துவிட்டார். அவரும் கையை நீட்டிச் சுற்றிக் கேட்டார். கடைக்குள் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சுரங்கப் பாதை ஏறி வந்தபோது கூட்டுகிற பெண் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்! இவள் சிரிப்பதைப் பார்த்ததும் ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு என்னென்னவோ பேசினாள். ஒரு சொல் புரியவில்லை. இவளும் தமிழில் எல்லாவற்றையும் சொன்னாள், பிரேக்கை எடுத்துவிடுவது வரைக்கும். இத்தனை பெரிய ஊரில், முன்பின் தெரியாத மூன்று பேர், தனக்கு என்ன ஆயிற்றோ என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதை நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த உயரமான இரும்பைப் பார்த்தபோதுகூட இவ்வளவு ஆச்சரியம் வரவில்லை.

மூன்று கட்டடத்தில் நடுவில் இருப்பது அவர்களுடையது. அதன் வாசலில், காலில் செருப்புகூட இல்லாமல் அவன் நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது. அறுபது மாடி உயரத்தில் அசராதவன் தரையில் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சும்மா” என்றான். “கதவைத் தொறந்தா வீடு காலியா கிடக்குது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டு, மனசுக்குள்ள நீ இருந்துடணும்னுதான் வேண்டிக்கிட்டிருந்தேன். இனிமே அப்படி நெனைக்க மாட்டேன். உன்னை இந்த ஊர்ல தனியா விட்டுட்டு என்னால மேல உட்கார்ந்து வேலை பார்க்க முடியாது. ஞாயித்துக்கிழமை நீ கிளம்பிடு. நாலு வருஷம் ஓடிப்போயிரும்.”

அவள் முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“பேசி முடிச்சாச்சா?”

“ம்.”

“எனக்கு ஒரு சாவி போடணும்.”

“என்ன சாவி?”

“நம்ம வீட்டுச் சாவிங்க. கதவு தானா பூட்டிக்குது. இன்னைக்கு நீங்க வீட்ல இருக்கப்போய்த் தப்பிச்சேன். தினமும் வெளிய போயிட்டு வர்றவளுக்கு ஒரு சாவி வேணாமா?”

அவன் அவளையே பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இங்க எங்க சாவி வெட்டுவாங்கன்னு எனக்கே தெரியாதேம்மா” என்றான்.

“எனக்குத் தெரியும். நாற்சந்தில சுரங்கப் பாதைப் படில எறங்கினதும் வலது பக்கம் மூணாவது கடை. இன்னும் தொறந்துதான் இருக்கு. போய் செருப்பைப் போட்டுட்டு வாங்க, கூட்டிட்டுப் போறேன்.”